மணக்குடிப் பொழி தாண்டிக் கடலில் கயாக்: எந்த வயர்லெஸ், யாரை எப்படிக் கூப்பிடுவது?

நாகர்கோவிலிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: “நாங்கள் மூன்று பேர் ஒரு வருடமாக மணக்குடிக் காயலில் கயாக் ஓட்டுகிறோம். இனி காயல் கடலோடு சேரும் பொழிமுகம் தாண்டிக் கடலில் இறங்கி, பள்ளம் வரை, பிறகு முட்டம் வரை போக ஆசை. ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய்க்கு வாக்கி டாக்கி கிடைக்கிறது. அது போதுமா? போன் இருக்கும்போது வயர்லெஸ் எதற்கு? அவசரம் என்றால் யாரை, எப்படிக் கூப்பிடுவது?”

தம்பி, அந்த இரண்டாயிரம் ரூபாய் வாக்கி டாக்கியை வாங்க வேண்டாம். அந்த விலையில் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று, 446 மெகாஹெர்ட்ஸில் அரை வாட்டில் இயங்கும் உரிமம் தேவைப்படாத செட். கல்யாண மண்டபத்துக்கும் கட்டட வேலைக்கும் அது சரி. கடலில் அந்த அலைவரிசையை ஒருவரும் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. நீங்கள் மூவரும் பேசிக்கொள்ளலாம், மூவரும் ஒன்றாகக் கவிழ்ந்தால் கேட்க ஆளில்லை. இன்னொன்று, எந்த அலைவரிசையையும் தட்டிப் போட்டுக்கொள்ளும் செட். அதை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். உப்புத் தண்ணீரில் ஒரு முறை முங்கினால் அதோடு அதன் கதையும் முடிந்துவிடும்.

உங்களுக்கு வேண்டியது கடல்சார் விஎச்எஃப் கைச்செட். நம் கடற்கரையில் இதைப் பொதுவாக வயர்லெஸ் என்றே சொல்வார்கள். 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை உலகம் முழுக்கக் கப்பல்களுக்கும் படகுகளுக்கும் என்று ஒதுக்கிச் சேனல் எண் கொடுத்திருக்கிறார்கள். அதில் 16ஆம் சேனல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்துக்கும் முதல் அழைப்புக்கும் உரியது. கன்னியாகுமரிக்குத் தெற்கே கொழும்பு பக்கமிருந்து வளைகுடாவுக்குப் போகும் ஒவ்வொரு கப்பலும் அதைத் திறந்துவைத்திருக்கும். கடலோரக் காவல்படையும் கேட்கும். நான் பிறந்தது கடியப்பட்டணம், அப்பாவுக்குக் கட்டுமரம். நான் கப்பல் வேலைக்குப் போய்விட்டேன். கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜில் காவல் நின்ற வருடங்கள் முழுக்க என் தலைக்கு மேலே அந்தச் சேனல் இரைந்துகொண்டேதான் இருந்தது.

போன் போதாதா என்று கேட்கிறீர்கள். போனும் வேண்டும், அதை விட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை. ஆனால் போனில் நீங்கள் கூப்பிடுவது ஒரே ஒரு ஆளை. அவர் எடுத்து, புரிந்துகொண்டு, வேறு யாரிடமோ சொல்லி, அவர்கள் படகு எடுத்து வர வேண்டும். வயர்லெஸில் பேசினால் சுற்றுவட்டத்தில் செட் திறந்திருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். கடலில் உங்களைக் காப்பாற்றப்போவது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் படகுதான். அந்தப் படகுக்காரரின் போன் நம்பர் உங்களிடம் இருக்காது.

இன்னொரு விஷயத்தை நீங்களே செய்து பாருங்கள். என் தம்பி மகனும் நானும் காயலில் இடுப்பளவு தண்ணீரில் இதைச் செய்தோம். கயாக்கைக் கவிழ்த்துவிட்டு, போனை எடுத்து என்னைக் கூப்பிடு என்றேன். போன் நீர் புகாத உறைக்குள், உறை கயாக்கின் மூடிக்குள். விரல் வழுக்கியதில் மூடியைத் திறக்கவே நேரம் பிடித்தது. திறந்ததும் உள்ளே தண்ணீர் ஏறியது. போனை வெளியே எடுத்தால் ஈர விரலுக்குத் திரை அசையவில்லை. உறையின் மேல் நின்ற துளிகளையே விரல் என்று நினைத்து, அது தானாக எதையெதையோ திறந்துகொண்டிருந்தது. அலை இல்லை, காற்று இல்லை, பயமும் இல்லை. அப்படியும் மூன்று நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. பிறகு கைச்செட்டை லைஃப் ஜாக்கெட்டின் நெஞ்சுப் பையில் வைத்துக் கயிறு கட்டிக் கவிழ்ந்தோம். கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனால் செட், பக்கவாட்டில் ஒரு பொத்தான், அவ்வளவுதான். அதனால் செட் இருக்க வேண்டிய இடம் கயாக் அல்ல, உங்கள் உடம்பு. கயாக்கும் நீங்களும் பிரிந்துபோகும் நேரத்தில்தான் அது தேவைப்படும்.

எவ்வளவு தூரம் கேட்கும் என்பதில் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பெட்டியின் மேல் ஐந்து வாட், ஆறு வாட் என்று போட்டிருப்பதைப் பார்த்து நம்பிவிடுகிறார்கள். விஎச்எஃப் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. பூமி வளைந்திருப்பதால் தூரத்தைத் தீர்மானிப்பது ஆன்டெனாவின் உயரம். மீட்டரில் உயரத்தை எடுத்து, அதன் வர்க்கமூலத்தை நான்கால் பெருக்கினால் ஒரு பக்கத்துக்கான கிலோமீட்டர் வரும். எதிர்ப் பக்கத்துக்கும் அப்படியே கணக்குப் போட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள். கயாக்கில் உட்கார்ந்து பேசினால் உயரம் ஒரு மீட்டர், உங்கள் பங்கு 4 கிலோமீட்டர். இரண்டு கயாக்குக்கு நடுவே 8 என்று கணக்கு சொல்லும், அலை ஆடும் கடலில் அதில் பாதியை நம்பலாம். ஆன்டெனா 7 மீட்டர் உயரத்தில் உள்ள விசைப்படகு என்றால் 15 கிலோமீட்டர் வாக்கில். 30 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா உள்ள கப்பல் என்றால் 26 கிலோமீட்டர் வாக்கில். தண்ணீரில் மிதந்தபடி பேசினால் உங்கள் பங்கு இரண்டே கிலோமீட்டராகக் குறைந்துவிடும். அலையின் பள்ளத்தில் இருக்கும்போது அதுவும் கிடையாது. ஆகவே கவிழ்ந்த கயாக்கின் முதுகில் ஏற முடிந்தால் ஏறி, செட்டை நெட்டாக நிமிர்த்திப் பிடித்து, அலை உங்களைத் தூக்கும்போது பேசுங்கள். செட்டைச் சாய்த்துப் பிடித்தாலே பலம் குறையும்.

உரிம விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியாவில் வயர்லெஸ் செட்டுக்கான அனுமதி தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவிலிருந்து வர வேண்டும். வாங்கும் முன்பே விற்பவரிடம் அந்த மாடலுக்கு அங்கீகாரம் உண்டா, உரிமத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அங்கே வாங்க வேண்டாம். வெளிநாட்டு யூடியூப் காணொளிகளில் கயாக்காரர்கள் சாட்டிலைட் போனும், சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் இன்ரீச் போன்ற கருவிகளும் வைத்திருப்பார்கள். அவற்றைப் பார்த்து வெளிநாட்டுச் சொந்தக்காரரிடம் வாங்கிவரச் சொல்லாதீர்கள். அனுமதி இல்லாத சாட்டிலைட் கருவியோடு வந்த சுற்றுலாப் பயணிகளை நம் நாட்டு விமான நிலையங்களில் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

சரி, செட் வந்துவிட்டது. அதில் என்ன பேசுவது என்பதுதான் நான் இந்தப் பதிலை எழுதவே காரணம்.

ஓர் இரவு மினிக்காய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். 16இல் ஒரு குரல் வந்தது. “ஹெல்ப், ஹெல்ப், போட் சிங்க்கிங்”, படகு மூழ்குகிறது என்று இரண்டு முறை. சின்னப் படகு, பதறிய குரல். எங்கே என்று சொல்லவில்லை. நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்டோம், மற்றொரு கப்பலும் கேட்டது, மறுபடி அந்தக் குரல் வரவே இல்லை. மீட்பு மையத்துக்குச் சொன்னோம். எந்த இடத்தில் தேடுவது? எங்களைச் சுற்றி 27 கிலோமீட்டருக்கு வட்டம் போட்டாலே 2,290 சதுர கிலோமீட்டர், நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிடப் பெரிய பரப்பு. அந்த மனிதருக்கு மூச்சு விடும் நேரம் இருந்தது, செட் இருந்தது, கேட்கவும் ஆள் இருந்தோம். இடம் மட்டும் இல்லை. அந்தக் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது.

ஆகவே இந்த வரிசையை வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்யுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 16ஆம் சேனல், முழு பவர், பொத்தானை அழுத்தி ஒரு விநாடி பொறுத்துப் பிறகு பேச வேண்டும். கயாக்கின் பெயர் நெய்தல் என்று வைத்துக்கொள்வோம்:

“மேடே, மேடே, மேடே. திஸ் இஸ் கயாக் நெய்தல், நெய்தல், நெய்தல். மேடே, கயாக் நெய்தல். பொசிஷன், டூ மைல்ஸ் சவுத்வெஸ்ட் ஆஃப் முட்டம் லைட்ஹவுஸ். கேப்சைஸ்டு. ரிக்வயர் இம்மீடியட் அசிஸ்டன்ஸ். டூ பர்சன்ஸ் இன் த வாட்டர், லைஃப் ஜாக்கெட்ஸ் ஆன். ஆரஞ்ச் கயாக். ஓவர்.”

நிதானமாகச் சொன்னாலும் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் சொல்லச் சொல்வதற்குக் காரணம், போகும் கப்பலில் இருப்பவர் பிலிப்பினோவாகவோ உக்ரைனியராகவோ இருக்கலாம். அதைச் சொல்லி முடித்து, பதிலுக்குக் காத்திருந்து, அப்புறம் அதையே தமிழில் ஒரு முறை சொல்லுங்கள். முட்டம், குளச்சல், விழிஞ்ஞம் படகுகள் எல்லாவற்றுக்கும் அது புரியும். மேடே என்ற சொல் 1923 வாக்கில் லண்டன் குராய்டன் விமான நிலையத்து வயர்லெஸ் அதிகாரி ஒருவர் யோசித்து வைத்தது. “எனக்கு உதவு” என்ற பிரெஞ்சுச் சொல்லின் ஒலி அது. எந்த மொழிக்காரர் காதில் விழுந்தாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார வைக்கும் சொல்.

இடத்தை எப்படிச் சொல்வது என்பதில் ஒரு படுகுழி இருக்கிறது. முட்டத்துக்குத் தென்மேற்கே கடலில் நிற்கிறீர்கள், போனில் 8.10 வடக்கு, 77.30 கிழக்கு என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது பாகையின் தசமம். கப்பலில் எல்லோரும் பேசுவது பாகை, கலைக் கணக்கில், அதாவது டிகிரி, மினிட்டில். ஒரு பாகைக்கு அறுபது கலை. அந்த இடம் அவர்கள் கணக்கில் 8 பாகை 6 கலை, 77 பாகை 18 கலை. பதற்றத்தில் நீங்கள் “எயிட் டிகிரி டென், செவன்ட்டிசெவன் டிகிரி தர்ட்டி” என்று சொன்னால், அவர்கள் வரைபடத்தில் குறிக்கும் புள்ளி ஏழு கிலோமீட்டர் வடக்கே, இருபத்திரண்டு கிலோமீட்டர் கிழக்கே விழும். அது சுசீந்திரத்துக்குக் கிழக்கே தரையில் இருக்கும் இடம். இன்றைக்கே போனில் அமைப்பை மாற்றிப் பாகை, கலையாகக் காட்டச் சொல்லிவிடுங்கள். முடியாவிட்டால் “எயிட் டெசிமல் ஒன் ஸீரோ டிகிரீஸ்” என்று டெசிமலைச் சேர்த்துச் சொல்லுங்கள். எண்களை ஒவ்வொன்றாகத்தான் சொல்ல வேண்டும்.

எண்ணே தெரியாவிட்டால் கரையைக் கொண்டு சொல்லுங்கள். நம் அப்பன், பாட்டன்மார் ஜிபிஎஸ் வைத்துக்கொண்டா மீன் கிடக்கும் பாரை, அதாவது கடலடிப் பாறைத் திட்டைக் கண்டுபிடித்தார்கள்? ஒரு மலையுச்சியையும் ஒரு கோயில் கோபுரத்தையும் நேர்பிடித்து, பக்கவாட்டில் இன்னொரு ஜோடியையும் நேர்பிடித்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் தூண்டில் போட்டார்கள். நமக்கு முட்டம் கலங்கரை விளக்கம் இருக்கிறது, கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலை இருக்கிறது, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தேவாலயக் கோபுரம் இருக்கிறது. துடுப்பு போடும்போது பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை “இப்போது எந்தக் கோபுரத்துக்கு நேரே இருக்கிறேன், எத்தனை மைல் வெளியே” என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போங்கள். ஒரு நாட்டிகல் மைல் 1.852 கிலோமீட்டர்.

எல்லாவற்றுக்கும் மேடே சொல்லக் கூடாது. துடுப்பு உடைந்துவிட்டது, வாடைக்காற்று கயாக்கை வெளியே தள்ளுகிறது, ஆனால் உலர்ந்த உடம்போடு உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் “பான் பான்” என்று மூன்று முறை சொல்லி அதே வரிசையில் பேசுங்கள். இருட்டியும் கரை சேர முடியவில்லை, ஆள் தளர்ந்துவிட்டார் என்ற நிலை வந்தால் அப்போது மேடே. இந்த வாடையைப் பற்றி ஒரு வார்த்தை. மணக்குடிக்கு மேற்கே நம் கரை தெற்கும் மேற்கும் பார்த்தது. வாடை வீசும் மாதங்களில் கரையோரம் தண்ணீர் தட்டு போலக் கிடக்கும், புதியவருக்கு ஆசை வரும். காற்று முதுகில் இருப்பதால் போகும்போது தெரியாது, திரும்பும்போதுதான் தெரியும்.

பேசி முடித்ததும் பொத்தானை விட்டுவிடுங்கள். அழுத்தியபடி பிடித்திருந்தால் உங்களுக்கு யார் பதில் சொன்னாலும் கேட்காது, சுற்றியிருக்கும் எல்லோருக்கும் அந்தச் சேனல் அடைபட்டுவிடும். பயத்தில் கை இறுகிப்போய் இப்படி ஆவது உண்டு. பதில் வராவிட்டால் கொஞ்சம் பொறுத்துத் திரும்பச் சொல்லுங்கள். வேறொருவரின் மேடே உங்கள் காதில் விழுந்தால் வாயை மூடிக்கொண்டு கேட்டு, இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். யாரும் பதில் கொடுக்காவிட்டால் “மேடே ரிலே” என்று தொடங்கி அவருக்காக நீங்கள் சொல்லலாம்.

சில கைச்செட்டுகளில் சிவப்பு மூடி போட்ட ஒரு பொத்தான் இருக்கும். அதைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் 70ஆம் சேனலில் உங்கள் அடையாள எண்ணும் ஜிபிஎஸ் இடமும் தானாகப் போய்விடும். இந்தியக் கப்பல், படகுகளுக்கு அந்த எண் 419 என்று தொடங்கும் ஒன்பது இலக்கம். காசு இடம் கொடுத்தால் இந்த வகையை எடுங்கள். வாயால் சொல்ல முடியாத நேரத்தில் இடத்தை அது சொல்லிவிடும். தவறுதலாக அழுத்திவிட்டால் செட்டை அணைத்துவிட்டு ஒளியாதீர்கள். 16இல் வந்து தவறு, ஆபத்தில்லை என்று சொல்லிவிடுங்கள். இல்லாத ஆளைத் தேடி ஒரு படகு வந்துகொண்டிருக்கும்.

டாட் என்ற கருவியைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இஸ்ரோவும் கடலோரக் காவல்படையும் சேர்ந்து மீன்பிடிப் படகுகளுக்காக உருவாக்கியது, 2010 முதல் புழக்கத்தில் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூரு மையத்துக்குத் தகவல் போய், அங்கிருந்து காவல்படையின் மீட்பு மையத்துக்குப் போகும். 2024இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவி, உங்கள் அழைப்பு கிடைத்தது என்று திருப்பியும் சொல்லும். நீருக்குள் விழுந்து கிடப்பவனுக்கு அந்த ஒரு பதில் எவ்வளவு பெரிய தெம்பு! கயாக்காரர்கள் கையிலும் இப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் ஆசை.

நம் ஊரில் வயர்லெஸைப் பற்றிப் பேசினால் ஓகிப் புயல் நினைவு வராமல் இருக்காது. 2017 நவம்பர் 30, தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆட்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். காற்றழுத்தத் தாழ்வு ஒரே நாளில் புயலாகிவிட்டது. கரையில் சொன்ன எச்சரிக்கை அவர்கள் இருந்த தூரத்துக்குப் போன் வழியாகவும் வயர்லெஸ் வழியாகவும் எட்டவில்லை. நீங்கள் போகப்போவது கரைக்கடல், எச்சரிக்கை உங்களுக்கு எட்டும். அதனால் கேட்காமல் இறங்குவதற்கு உங்களுக்குச் சாக்கு கிடையாது. ஹைதராபாத் இன்காய்ஸ் மையம் வெளியிடும் அலை எச்சரிக்கையைக் காலையில் பாருங்கள். முக்கியமாகக் கள்ளக்கடல். எங்கோ தென் இந்தியப் பெருங்கடலில் எழும்பிய அலை நாட்கணக்கில் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத நல்ல வெயிலில் வந்து ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரத்துக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அப்படித்தான் கடல் கொண்டுபோனது. அன்றைக்கு எச்சரிக்கை இருந்தது.

இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், கிழக்கே சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. வயர்லெஸ் வைத்திருக்கும் படகுகள் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும் நாட்கள் அவை. அந்த மாதங்களில் உங்கள் குரலைக் கேட்கக் கடலில் காது குறைவு. மேற்கே அது மழைக்கால அலையின் உச்சமும்கூட, காயலிலேயே ஓட்டுங்கள்.

செட் கெட்டுப்போனாலும் வேலை செய்யும் பொருட்கள் சில உங்களோடு இருக்கட்டும். லைஃப் ஜாக்கெட்டில் கட்டிய ஒரு விசில், கையகல முகம் பார்க்கும் கண்ணாடி, ஆரஞ்சுப் புகை. ஒன்றுமே இல்லையென்றால் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருங்கள். அது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட ஆபத்து அடையாளம். ஒரு கையை மட்டும் ஆட்டினால், கயாக்கில் உல்லாசமாகப் போகிறவர் கையசைக்கிறார் என்று படகுக்காரர்கள் பதிலுக்குக் கையசைத்துவிட்டுப் போய்விடுவார்கள். போனில் 1554 கடலோரக் காவல்படை, 1093 கடலோரக் காவல் போலீஸ், இரண்டையும் ஒரே தட்டலில் கூப்பிடும்படி வைத்துக்கொள்ளுங்கள். 112ஐயும் சேர்த்து.

கரைக்கு வந்ததும் செட்டை நல்ல தண்ணீரில் அலசுங்கள். நீர் புகாது என்று எழுதியிருந்தாலும் உப்பு புகும். பேட்டரியைக் கழற்றிப் பார்த்தால் சார்ஜ் ஏறும் பித்தளை முனைகளில் பச்சை பூத்திருக்கும். முனை அப்படியிருந்தால் இரவு முழுக்கச் சார்ஜரில் வைத்தாலும் பேட்டரி ஏறாது, விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ் போதும்.

உரிமம் கைக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். மூவரும் காயல் கரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒருவர் மேடே சொல்ல, மற்றவர் கேட்டு எழுதிப் பாருங்கள். எழுதியவர் அந்த இடத்தை வரைபடத்தில் சரியாகக் குறித்தால் பாஸ். துடுப்பு போட்டு மூச்சு வாங்கும்போதும் சொல்லிப் பாருங்கள், அங்கேதான் வார்த்தை தடுமாறும். கூடவே மணக்குடிக் கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர்களிடம் போய்ப் பேசுங்கள். பொழி இன்றைக்கு எந்தப் பக்கம் ஆழம், நீவாடு என்கிற நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அவர்கள் பார்த்த மாத்திரத்தில் சொல்வார்கள். இறங்கும் நாளில் அவர்களில் ஒருவரிடம், எத்தனை பேர், என்ன நிறக் கயாக், எதுவரை போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லி, அந்த மணியைத் தாண்டினால் 1093க்கு அடிக்கச் சொல்லிவிட்டுத் துடுப்பை எடுங்கள். திரும்பி வந்ததும் அவரிடம் போய் முகம் காட்டிவிட்டு வீட்டுக்குப் போங்கள், அவர் அதுவரை கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.